காய்ந்த கோடு

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். வாசலைப் பார்த்த மேசைக்குப் பின்னால் டாக்டர் ஜைனப். வேலாயுதநல்லூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அதன் கருப்பதிவுச் சரிபார்ப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவருக்கு இடப்பக்கம், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில், பதிவு எழுத்தர் ஆவுடையப்பன்; தாள் பறக்கக் கூடாது என்று அவரே தேர்ந்தெடுத்த இடம் அது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் கருவி நிறுவனத்தின் பொறியாளர் நவநீதன், கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்த கசங்கல் சட்டையோடு. சுவரோரம் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று கிடந்தது. அதன் முதுகில் ‘கர்ப்பிணிகளுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. அதில் சுப்புத்தாய் உட்கார்ந்திருந்தாள். மனு கொடுத்த அவள் மதினி வெயிலுகந்தாள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

“உட்காரும்மா” என்றார் டாக்டர்.

“அந்த நாற்காலியில உக்கார மாட்டேன் டாக்டரம்மா. உக்காந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

“அதான் நான் உக்காந்துக்கிட்டேன்” என்றாள் சுப்புத்தாய். “மூணு பெத்தவ. பழைய பாக்கிய இப்பக் கழிச்சுக்கிறேன்.”

ஆவுடையப்பன் எழுந்து போய் ஊசி போடும் அறையிலிருந்து ஸ்டூல் ஒன்றைத் தூக்கி வந்து போட்டார். வெயிலுகந்தாள் அதன் நுனியில் உட்கார்ந்தாள். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: மனுதாரர், வயது முப்பத்து நான்கு, தீப்பெட்டி ஆபீஸ் வேலை.

விஷயம் இதுதான். ஆறு வருஷமாக அந்த வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ், பள்ளிக்கூடம், பஸ் நிலையம் என்று பெண்கள் கூடுகிற இடமெல்லாம் கழிப்பறைச் சுவருக்குள் ஒரு கருவி பொருத்தப்பட்டிருந்தது. கதவுத் தாழ்ப்பாளில் கட்டை விரல் பட்டதும் உள்ளே போனவர் யார் என்று அதற்குத் தெரிந்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை, அவள் கேட்காமலே, அவள் நீரில் ஒரு சோதனை அட்டையை நனைத்துப் பார்க்கும். ஒரு கோடு விழுந்தால் சும்மா இருக்கும். இரண்டு கோடு விழுந்தால் கருப்பதிவு எண் போட்டு, குடும்ப எண்ணுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பி, செவிலியருக்கும் சொல்லிவிடும். ஊர்ப் பெண்கள் அதற்கு மூத்திர ஜோசியர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கேலி செய்தாலும் யாரும் அதை வெறுக்கவில்லை. அது வந்த பிறகு, பதிவே இல்லாமல் ஒன்பதாம் மாதத்தில் ரத்தப்போக்கோடு வந்து விழுகிற பெண் என்று ஒருத்திகூட இல்லை. மூன்று வருஷமாக அந்த வட்டாரத்தில் பிரசவத்தில் யாரும் சாகவில்லை. டாக்டர் ஜைனப் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி, யாரையும் அழிக்க விடாமல் காத்துவந்தார்.

வெயிலுகந்தாளுக்கு இரண்டு கோடு விழுந்தது ஜூன் இரண்டாம் தேதி. எண் போட்ட பிறகு கருவி மாதத்துக்கு ஒரு தடவை அல்ல, சில நாளுக்கு ஒரு தடவை பார்க்கும். அப்படி அடுத்து மூன்று தடவை பார்த்தது. மூன்றிலும் ஒரே கோடு. அதனால் பதினோராம் நாள் அது தானாகவே பதிவை மூடிவிட்டது. மூடுவதற்கு அதனிடம் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. பிரசவம், இழப்பு. பிரசவம் நடக்கவில்லை. ஆகவே இழப்பு.

“எங்க கருவி பத்தாயிரத்துக்கு மூணு தடவைதானுங்க மேடம் தப்பும்” என்றார் நவநீதன். “நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது புள்ளி தொண்ணூத்தேழு. இவங்களுக்குக் கரு உண்டாகி, நிக்காமப் போயிருக்கும். சின்னக் கருவுல இது ரொம்ப சகஜமுங்க. பல நேரம் அந்தத் தாய்க்கே தெரியாது.”

“எனக்குத் தெரியாமயா?” என்றாள் வெயிலுகந்தாள். குரல் எழும்பவே இல்லை. “எம் புருசன் செத்து ரெண்டு வருசம் ஆகுது சார். எனக்குத் தெரியாம அது எங்கிட்டு வழியா வரும்?”

நவநீதன் மடிக்கணினித் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “மன்னிச்சுக்கோங்க. என் திரையில வயசும் நம்பரும் மட்டுந்தானுங்க வருது.”

“பத்தாயிரத்துல மூணு பேருன்னீகளே, அதுல ஒருத்தி ஸ்டூல்ல உக்காந்திருக்கா, நல்லாப் பாத்துக்கோங்க” என்றாள் சுப்புத்தாய். “எங்க வீட்டு நம்பரு எங்கய்யா போனுதான். அவுகளுக்குப் பொடி எழுத்துத் தெரியாது. பேத்தியக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்காக. ஆதிரா வாசிச்சிருக்கா. அன்னையிலருந்து எங்கய்யா மதினி வச்ச தண்ணியக்கூடத் தொடல. என்னைய மாதிரி நாலு வார்த்தை வஞ்சாலாச்சும் தேவல, அந்த மனுசன் பேசவே மாட்டேங்காக.”

“மாமா பேசாட்டிப் பரவாயில்ல டாக்டரம்மா” என்றாள் வெயிலுகந்தாள். “அவுக இன்னைக்கில்லாட்டி நாளைக்குப் பேசிருவாக. எம்புள்ளைக்கு ஒம்போது வயசு. ‘தம்பி வந்துட்டுப் போயிட்டானாம்மா?’ன்னு கேக்குறா. ‘இல்ல ஆத்தா’ன்னு சொன்னேன். ‘கவருமெண்டு போட்டிருக்கே’ங்குறா. அது இருந்ததே இல்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அவ கையில குடுக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

டாக்டர் நவநீதனைப் பார்த்தார். நவநீதன் இல்லை என்று தலையை ஆட்டினார். “அப்படி ஒரு கட்டமே மென்பொருள்ல இல்லீங்க மேடம்.”

அதுவரை பேசாமல் இருந்த ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். அவர் கூட்டங்களில் பேசுகிறவர் அல்ல. “ஒரு சந்தேகம் சார். நம்ம வட்டாரத்துல பதினோராயிரம் பொம்பளைங்க. மாசம் ஒரு தடவை பாக்குது. பத்தாயிரத்துக்கு மூணுன்னா, நீங்க சொல்ற கணக்குப்படியே மாசம் மூணு பேருக்குத் தப்பா வரணும். ஆறு வருஷத்துக்கு இருநூத்துச் சொச்சம். நம்ம பதிவுல பிழைன்னு ஒண்ணுகூட இல்லியே. அத்தனை பேரும் எங்க போனாங்க?”

நவநீதன் விரல் விட்டுப் பெருக்கிப் பார்த்தார். “இழப்புலதான் போயிருப்பாங்க” என்றார் கடைசியில்.

டாக்டர் பேனாவை மூடினார். “வர்ற திங்கக்கிழமை மறுபடி உக்காருவோம். அதுக்குள்ள, சீக்கிரமே மூடின இழப்பு எல்லாத்தையும் பட்டியல் போட்டுக் குடுங்க ஆவுடையப்பன். நவநீதன் சார், நீங்க ஊருக்குப் போகக் கூடாது.”

*

ஆவுடையப்பன் எதையும் முதலில் தாளில் எழுதித்தான் பார்ப்பார். பள்ளியில் தமிழாசிரியர் கோடு போட்ட நோட்டில் பழக்கிய கை. எழுத்து ஒன்றுக்கொன்று முட்டாது. மத்தியானம் இரண்டு மணிக்குத் திரையைத் திறந்து, பதினைந்து நாளுக்குள் மூடப்பட்ட இழப்புகளின் பதிவு எண்களை மட்டும் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். முந்நூற்றுப் பதினெட்டு வந்தது.

வெயிலுகந்தாளின் பதிவை மட்டும் முழுக்கத் திறந்து பார்த்தார். கருவி ஒவ்வொரு அட்டையையும் படம் பிடித்து வைத்திருந்தது. முதல் கோடு பளிச்சென்ற ரோஜா நிறம். இரண்டாவது கோடு, தரையில் சிந்திய தேநீர் காய்ந்தது மாதிரி, சாம்பல் நிறம். படத்துக்குக் கீழே இரண்டு நேரம் போட்டிருந்தது. நனைந்த நேரம் 11.06. படித்த நேரம் 11.47.

மேசை இழுப்பறையில் கையால் சோதிக்கிற பழைய அட்டைப் பொட்டலம் ஒன்று கிடந்தது. எடுத்து அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கவும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் பார்க்க வேண்டாம்.

பட்டியலில் அந்த இரண்டு நேரங்களையும் எதிரெதிரே எழுதிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் வந்தபோது கணக்கு புலப்பட்டுவிட்டது. முந்நூற்றுப் பதினெட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அட்டை நனைந்து அரை மணிக்கு மேல் கழித்துத்தான் கருவி படித்திருந்தது. அத்தனையும் தேநீர் இடைவேளை, மதிய இடைவேளை நேரங்கள். அந்த இருநூற்றுப் பன்னிரண்டை மட்டும் தனித்தாளில், வரிசை எண்ணும் பெயரும் போட்டு எழுதலானார்.

நூற்று நாற்பத்தாறு வரைக்கும் எழுதிவிட்டார். அடுத்த பெயரில் பேனா நின்றது. செண்பகவல்லி, ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி. நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. நனைந்த நேரம் 11.14. படித்த நேரம் 11.52.

அது அவர் மனைவி.

கல்யாணமாகி ஏழாவது வருஷத்தில் வந்த ஒன்று அது. செய்தி வந்த அன்று செண்பகவல்லி பள்ளியிலிருந்து ஆட்டோ பிடித்து நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் போனை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒன்பது நாள். ஒன்பது நாளும் அவர் வாளியைத் தூக்க விடவில்லை. பத்தாம் நாள் உதிரம் பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவர்களும் எந்த டாக்டரையும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஜூனிலும், பள்ளி திறக்கிற வாரத்தில், அவள் ஒரு வரி சொல்லுவாள். போன வாரம்கூடச் சொன்னாள், புடவைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே. “இருந்திருந்தா இந்த வருஷம் எல்.கே.ஜி.”

அவள் அட்டையின் படம் ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடும். ரோஜாவா, சாம்பலா, ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆவுடையப்பன் விரலை மடக்கிக்கொண்டார். தாளில் நூற்று நாற்பத்தேழு என்று எண் போட்ட இடத்தை வெறுமையாக விட்டு, நூற்று நாற்பத்தெட்டுக்குப் போனார்.

*

மறுநாள் பதினோரு மணிக்கு அவரும் நவநீதனும் தீப்பெட்டி ஆபீஸ் கழிப்பறை வாசலில், ஆளுக்கொரு கைக்கடிகாரத்தோடு நின்றார்கள். பெல் அடித்தது. அறுபது பெண்கள், நான்கு கதவு, பத்து நிமிடம். அதற்குள் தேநீரும் குடித்தாக வேண்டும்.

“இங்க என்ன சார் மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி நிக்கிறீக?” என்றாள் ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது. சுப்புத்தாய் வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள். அவளும் அங்கேதான் வேலை.

நவநீதன் சுவர்ப் பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தார். தட்டில் அன்று முறை வந்தவர்களின் நனைந்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க, ஒரே ஒரு கேமரா அட்டைக்குப் பல நிமிடம் எடுத்துக்கொண்டு நிதானமாக ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது.

“இதை நாங்க வீட்டுக்குன்னு வடிவமைச்சதுங்க” என்றார் அவர், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. “வீட்டுல ஒருத்தர் போனா அடுத்தவர் வர நேரமாகும். அறுபது பேரு ஒரே நேரத்துல போவாங்கன்னு யாரும் யோசிக்கலீங்க.”

“பெல் அடிச்சாத்தான சார் எங்களுக்கு மூத்திரமே வரும்” என்றாள் சுப்புத்தாய். “இத்தன வருசத்துல அப்படிப் பழக்கி வச்சிருக்காக.”

“கடைசி அட்டைக்கு முறை வர்றதுக்குள்ள அது காஞ்சு போகுது” என்றார் ஆவுடையப்பன். “காஞ்சா தானா ஒரு கோடு தெரியும். அந்தப் பொட்டலத்துலயே போட்டிருக்கான்.”

“எல்லா அட்டையிலயும் தெரியாதுங்க. எங்கயாச்சும் ஒண்ணுல தெரியும். கருவி கோடு இருக்கான்னு மட்டுந்தான் பாக்கும். நிறத்தைப் பாக்காது.” நவநீதன் நிமிர்ந்தார். “ஆனா சார், இது நம்ம ஊகம். நிரூபிக்கோணும். எங்க ஆபீஸ்ல ‘மங்கலா இருந்தாலும் ரோஜாதான், கரு இருந்துச்சு’ம்பாங்க. கரு இருக்கவே முடியாத ஆள் ஒருத்தரோட அட்டையில அதே சாம்பல் கோடு விழுந்தாத்தான் வாயை மூடுவாங்க.”

ஆவுடையப்பன் கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “நான் இருக்கேன்ல” என்றார்.

மூன்று நாள். ஒவ்வொரு நாளும் வரிசை முழுக்கப் போய் முடிந்த பிறகு, நான்கு கதவிலும் கடைசி ஆளாக, தன் நீரைப் பிடித்த ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பத்தொரு வயது ஆவுடையப்பன் பெண்கள் கழிப்பறைக்குள் போய்வந்தார். தாழ்ப்பாள் அவர் விரலைப் பார்த்ததும் பணியாளர் பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்து வழிவிட்டது. அந்தக் கதவைத் திறக்கிறவர் ஆணாக இருக்கக்கூடும் என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. தினமும் பார்க்கும்படி நவநீதன் அவர் பெயரில் மட்டும் மாற்றி வைத்திருந்தார். புதன் போயிற்று, வியாழன் போயிற்று.

“தண்ணி நல்லாக் குடிங்க சார், சூடு உடம்புக்கு ஆகாது” என்று பெண்கள் தேநீர் நீட்டினார்கள். ஒருத்தி மாங்காய் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலுகந்தாள் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர் டம்ளரை அப்படியே வைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை 11.49க்கு ஆவுடையப்பனின் போன் அதிர்ந்தது. அவர் வாசித்தார். நவநீதனிடம் நீட்டினார். நவநீதன் வாசித்துவிட்டு வெயிலுகந்தாளிடம் நீட்டினார்.

‘வாழ்த்துகள் தாயே! தங்கள் கருப்பதிவு உறுதியாகிவிட்டது. பளு தூக்க வேண்டாம். கீரை உண்ணவும்.’

சுப்புத்தாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். “அய்யோ, மாங்கா குடுத்தவ கை ராசிக்காரி!” வெயிலுகந்தாள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள்.

நவநீதன் அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தார். அதே தேநீர்க் கறை நிறம்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி போன். செண்பகவல்லி. குடும்ப எண் அவளுடையது. செய்தி அவளுக்கும் போயிருந்தது.

“ஏங்க” என்றாள். குரலில் சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது. “வளைகாப்பு எந்த மாசம் வச்சுக்கலாம்? ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் கேக்குறாங்க. பச்சை வளையல் உங்க கைக்கு ஏறாதே!”

“சோதனைக்குத்தான் போட்டேன் வல்லி. அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பொண்ணு விஷயம்.”

“அந்தப் பொண்ணுக்கு எழுதிக் குடுத்திருவீங்கள்ல?”

“இனிமே குடுத்திரலாம்.”

“நல்லது.” பின்னால் பிள்ளைகள் இரைச்சல் கேட்டது. “இல்லாதவங்களுக்கும் இது இப்படித்தான் சொல்லுமா, எப்பவுமா?”

“எப்பவும் இல்ல. கூட்டமாப் போகும்போது. கடைசியாப் போறவங்களுக்கு.”

பிள்ளைகள் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. “எங்க இன்டர்வெல் மாதிரி” என்றாள்.

“ஆமா.”

“டீச்சருங்க நாங்க பிள்ளைகளை விட்டுட்டுக் கடைசியாத்தான் போவோம்.”

அவர் போனை மறு காதுக்கு மாற்றுவதற்குள், “சரிங்க, பெல் அடிச்சிருச்சு. வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க” என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை அவர் தயிர் வாங்கிக்கொண்டு போனார். அவள் தாளித்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சனியும் ஞாயிறும் அப்படியே போயின.

*

திங்கட்கிழமைக் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. நவநீதன் தன் அலுவலகத்தோடு சனிக்கிழமை முழுக்கச் சண்டை போட்டு மூன்றாவதாக ஒரு கட்டத்தை வாங்கி வந்திருந்தார். அதோடு, பத்து நிமிடம் தாண்டிய அட்டையைக் கருவி இனிப் படிக்காமல் தள்ளிவிடும். டாக்டர் தன் கையாலேயே தட்டச்சு செய்தார்: ‘இப்பதிவில் குறித்த கர்ப்பம் இருந்ததே இல்லை. பிழை கருவியுடையது, மனுதாரருடையது அல்ல.’ கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார்.

வெயிலுகந்தாள் அதை வாய்விட்டு வாசித்தாள், ஒவ்வொரு சொல்லாக. மடிக்காமல், பாலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எங்கய்யாவுக்கும் ஒரு நகல் குடுங்க டாக்டரம்மா” என்றாள் சுப்புத்தாய். “நெத்தியில ஒட்டி விடணும்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே ஆவுடையப்பனின் பட்டியலைக் கையில் எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிரிப்பு நின்றது.

“இவங்களுக்கெல்லாம் என்ன செய்யறது? யாரும் மனுக் குடுக்கல. எத்தனை பேர் இதுக்காக அழுதிருப்பாங்க! இப்பப் போய் அது இல்லவே இல்லைன்னு சொன்னா…” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். “அதுவும் எல்லாமே காய்ஞ்ச கோடுன்னும் சொல்ல முடியாது. கொஞ்சப் பேருக்கு நிஜமாவே உண்டாகிப் போயிருக்கும். இப்படியே விட்டுரலாமோன்னு தோணுது.”

ஆவுடையப்பன் தன் குறிப்பேட்டை மூடினார். விட்டுவிடலாம் என்று டாக்டரே சொல்கிறார். தலையாட்டினால் போதும்.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி தாளைப் பார்த்தார். “நூத்து நாப்பத்தேழு எங்க? எண் இருக்கு, பேரு இல்ல. நீங்க விட மாட்டீங்களே.”

ஆவுடையப்பன் தாளின் ஓரத்தை விரலால் நீவினார்.

“அது எங்க வீடு டாக்டர்.”

சுப்புத்தாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“படத்தைப் பாத்தீங்களா?” என்று மெல்லக் கேட்டார் டாக்டர்.

“இல்ல. அது அவ அட்டை.” அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “எங்களுக்கு அது ஒண்ணுதான் டாக்டர். வந்துட்டுப் போச்சுன்னு சொல்லிக்க அது ஒண்ணாச்சும் இருக்கு. அதையும் போய் இல்லைன்னு எப்படி… அதான் எழுத வரல.”

வெயிலுகந்தாள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். உறையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

“எனக்கு இல்லைன்னு தெரியணும் சார். அதுக்குத்தான் இத்தன நாள் அலைஞ்சேன். அவுகளுக்கு இருந்துச்சுன்னே இருக்கட்டும்னு தோணலாம். தெரிஞ்சுக்கிட்டா மனசு ஆறும்னும் தோணலாம். அது நீங்க சொல்லவும் முடியாது, நான் சொல்லவும் முடியாது. அவுகளத்தான் கேக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா கேக்குறதுக்கு ஒண்ணு இருக்குன்னே தெரியாட்டி அவுக எப்படி சார் கேப்பாக?”

டாக்டர் பட்டியலை ஆவுடையப்பன் முன்னால் தள்ளினார். பேனாவையும் எடுத்து அதன்மேல் வைத்தார். அவர் நூற்று நாற்பத்தேழுக்கு எதிரே பெயரை எழுதினார். மற்ற எழுத்துகளைவிட அது ஒன்றும் கோணலாக இல்லை.

*

கடிதத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று. போனில் செய்தி அனுப்ப வேண்டாம் என்பதில் டாக்டரும் அவரும் ஒத்துப்போனார்கள். அது யார் கையில் கிடைக்கும், யார் வாசித்துக் காட்டுவார் என்று சொல்ல முடியாது. மூடிய உறைதான், அவரவர் பெயருக்கு. ஆவுடையப்பன் ஏழு தடவை எழுதி ஏழையும் கிழித்தார். எட்டாவது இப்படி இருந்தது:

‘அன்புடையீர், கீழே குறித்த தேதியில் தங்கள் பெயரில் எங்கள் கருவி ஒரு கருப்பதிவு செய்து, பின் அதை இழப்பு என்று மூடியது. அந்த அட்டையைக் கருவி காலம் தாழ்த்திப் படித்திருக்கிறது. ஆகவே அது பிழையாக இருக்கலாம். உண்மையான கருவாகவும் இருந்திருக்கலாம். எது என்று அறியும் வழி எங்களிடம் உள்ளது. அறிய விரும்பினால் எந்தச் செவ்வாயும் வரலாம். தங்களைத் தவிர வேறு யாருக்கும் அதைக் காட்ட மாட்டோம். அறிய விரும்பாவிட்டால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தங்களைக் கேட்காமல் பதிவில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டோம். அந்த நாட்களில் தாங்கள் பட்ட மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் நாங்கள் பிழை என்று சொல்லவில்லை. பிழை எங்களுடையது. மன்னிக்கவும்.’

“மகிழ்ச்சி, வருத்தம்னு போட்ட வரி ஆபீஸ் கடிதத்துல வர்ற மாதிரி இல்லியே” என்றார் டாக்டர்.

“அடிச்சிரட்டுமா?”

டாக்டர் மறுபடி வாசித்தார். “இருக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டார்.

வெயிலுகந்தாளுக்குத் தாள் கொடுத்தாகிவிட்டது. மீதி இருநூற்றுப் பதினோரு உறை. முகவரியை அச்சிட அவர் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் கையாலேயே எழுதினார். புதன்கிழமை நான்கு மணிக்குத் தபால்காரம்மா சாக்குப்பையோடு வந்து வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஒன்றுதான் ஒட்டாமல் இருந்தது. முகவரி: திருமதி செ. செண்பகவல்லி, ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி, வேலாயுதநல்லூர்.

டாக்டர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று அதைப் பார்த்தார். “இதை எதுக்குத் தபால்ல? சாயங்காலம் வீட்டுக்குத்தான போறீங்க. கையில குடுத்திரலாமே.”

“கையில குடுத்தா அவ கடுதாசியப் பாக்க மாட்டா டாக்டர், என் மூஞ்சியத்தான் பாப்பா. எனக்கு எது வேணும்னு அதுல தேடி, அதையே தனக்கும் வேணும்னு சொல்லிருவா.” உறையின் வாயில் பசை தடவினார். “தபால்ல போனா அவ மட்டும் வாசிப்பா. இங்க வர்றதும் வராததும் அவ இஷ்டம்.”

“ஒருவேளை செவ்வாய்க்கிழமை வந்தாங்கன்னா?”

“நான் லீவு போட்டுட்டு வெளியில நிப்பேன். கூப்பிட்டா உள்ள வருவேன்.”

உறையை மடித்து, கட்டை விரலால் ஓரம் விடாமல் அழுத்தினார். பசை காயும் வரை அழுத்திக்கொண்டே இருந்தார். தபால்காரம்மா, “சார், அது ஒண்ணுதானா பாக்கி? பஸ் போயிரும்” என்றாள். அவர் எழுந்து வாசலுக்குப் போய், அதைத் தன் கையாலேயே பைக்குள் மற்றவற்றோடு போட்டார். அவள் பையின் வாயை இறுக்கிக் கட்டி, வண்டியின் பின்னால் ஏற்றி, கிளப்பிக்கொண்டு போனாள்.